கருஞ்சிறுத்தைகளின் பசியாறலும் சர்க்காரின் மொட்டைக் கடுதாசியும்



1971-ஆம் வருடம் மார்ச் மாதம் 8-ஆம் தேதி இரவு நியூயார்க் நகரில் முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் குத்துச்சண்டை போட்டார்கள். நமக்கு அது 9-ஆம் தேதி முற்பகல். என் அத்தா அப்போது பெரியத்தாவின் மளிகைக் கடையில் கையாளாக இருந்தவர். அன்று கடையில் தராசைத் தொட ஆளில்லை, செய்தி வருமென்று எல்லாரும் ரேடியோப் பெட்டியைச் சுற்றியே நின்றார்கள், அலி தோற்றார் என்று தெரிந்ததும் பெரியத்தா மதியச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என அத்தா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதே இரவில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மீடியா என்னும் சிற்றூரில், எட்டுப் பேர் கூடி வேறொரு காரியம் செய்தார்கள். ஊர் முழுவதும் சண்டையிலே கவனமாயிருக்கும் என்று கணக்குப் போட்டு, எஃப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்க மத்திய துப்பறியும் இலாகாவின் சிறிய ஆபீஸ் ஒன்றின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த தஸ்தாவேஜிகளைப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டு போய்விட்டார்கள். பிறகு அவற்றின் பிரதிகள் பத்திரிகைகளுக்குத் தபாலில் சென்றன. அந்தக் காகிதங்களுள் ஒரு சிறு சீட்டில் ‘கோயின்டெல்புரோ’ என்று ஒரு வார்த்தை இருந்தது. இலாகாவுக்கு வெளியே அதன் அர்த்தம் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதமே இலாகா அந்தப் பெயருள்ள வேலையை நிறுத்திக் கொண்டது. ஆனாலும் ஒரு செய்தியாளர் கோர்ட்டுக்குப் போய்க் காகிதங்களை வாங்கினார். அதன்பின் அமெரிக்க செனட் சபை ஒரு கமிட்டி போட்டு விசாரித்து, 1976-ல் பெரிய அறிக்கை வெளியிட்டது.

திருட்டு நல்லதா கெட்டதா என்று வாதாட நான் வரவில்லை. அந்தத் திருட்டினால் வெளிவந்த சங்கதிதான் இன்றைய பாடம். ஆங்கிலத்தில் அவ்வளவு பெரிய அறிக்கையைப் படிக்க எனக்குப் படிப்பு போதாது. கல்லூரியில் படிக்கும் என் மகள் வாசித்துப் பொருள் சொல்ல, நான் கடைச் சிட்டையில் குறித்துக் கொண்டேன். குறிக்கும்போதே பல இடங்களில் கை நின்றுவிட்டது. ஏனென்றால் துப்பாக்கிச் சங்கதியை எதிர்பார்த்து உட்கார்ந்த எனக்கு, முட்டை, ரொட்டி, சரக்குக் கட்டணம், கடைக்காரனுக்கு வந்த கடுதாசி என்று நம் தொழில் சங்கதியாகவே வந்து கொண்டிருந்தது.

முதலில் அந்தக் கூட்டத்தார் யார் என்று பார்ப்போம். 1966-ஆம் வருடம் அக்டோபரில், கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து என்னும் துறைமுகப் பட்டணத்தில், ஹியூ நியூட்டன், பாபி சீல் என்ற இரண்டு கறுப்பின வாலிபர்கள் ‘தற்காப்புக்கான கருஞ்சிறுத்தைக் கட்சி’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நியூட்டனுக்கு வயது 24. சீல் அப்போதுதான் 30-ஐத் தொட்டவர். மால்கம் எக்ஸ், அதாவது ஹஜ்ஜுக்குப் போய்வந்து அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்று அழைக்கப்பட்ட அந்தச் சகோதரர், 1965 பிப்ரவரியில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பேச்சு இவ்விருவர் மனத்திலும் ஊறியிருந்தது. ஆனால் இவர்கள் முஸ்லிம்கள் அல்லர். சீனத்து மாவோவின் சிவப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். அதைப் படித்ததோடு விடவில்லை. குறைந்த விலைக்கு வாங்கி, பெர்க்லி பல்கலைக்கழக வாசலில் மாணவர்களிடம் ஒரு டாலருக்கு விற்று, வந்த லாபத்தில்தான் துப்பாக்கி வாங்கினார்கள்! வியாபாரம் என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைகள்தாம்.

துப்பாக்கி எதற்கு? கறுப்பர் குடியிருப்பில் போலீஸார் ஆட்களை நிறுத்தி அடிப்பதும் சுடுவதும் அன்றாடம் நடந்தது. கலிபோர்னியாவில் அந்நாளில் தோட்டா போட்ட துப்பாக்கியை வெளியில் தெரியும்படி ஏந்திச் செல்லச் சட்டம் இடம் கொடுத்தது. இவர்கள் ஒரு கையில் துப்பாக்கி, காரில் சட்டப் புத்தகம் என்று வைத்துக் கொண்டு போலீஸ் காரைப் பின்தொடர்வார்கள். யாரையாவது நிறுத்தினால் சற்றுத் தள்ளி நின்று, அந்த ஆளுக்கு உள்ள உரிமைகளை உரக்கப் படிப்பார்கள். சர்க்கார் சும்மா இருக்குமா? துப்பாக்கி ஏந்துவதைத் தடுக்க மசோதா வந்தது. அதை எதிர்த்து 1967 மே 2-ஆம் தேதி முப்பது பேர் ஆயுதங்களுடன் மாநிலச் சட்டசபைக் கட்டிடத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். நாடு முழுவதும் படம் பத்திரிகையில் வந்தது. மசோதாவும் விரைவாக நிறைவேறியது. அதில் கையெழுத்துப் போட்ட கவர்னர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். அவ்வருடம் அக்டோபரில் நடந்த ஒரு மோதலில் ஒரு போலீஸ்காரர் மாண்டார். நியூட்டன் குண்டுக் காயத்துடன் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். தண்டனையை மேல் கோர்ட்டு ரத்து செய்ய, 1970-ல் வெளியே வந்தார்.

இதுவரை கேட்டால், துப்பாக்கி பிடித்தவர்களைச் சர்க்கார் அடக்கியது, அதில் என்ன அதிசயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பசியாறல் சங்கதி வந்த பிறகுதான் கணக்கு வேறு என்று தெரிந்தது.

1969 ஜனவரியில் ஓக்லாந்தில் உள்ள செயின்ட் அகஸ்டின் என்னும் மாதா கோவிலில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இனாமாகப் பசியாறல் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் நாள் வந்தவை 11 பிள்ளைகள். அந்த வாரம் முடிவதற்குள் 135. முட்டை, ரொட்டி, சோளக் கஞ்சி, பால். (பன்றி இறைச்சியும் உண்டு, அது அந்நாட்டு வழக்கம்.) அதிகாலையில் கட்சிக்காரர்கள் எழுந்து சமைத்து, பரிமாறி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவார்கள். அந்த வருடம் முடிவதற்குள் பல நகரங்களில் 20,000 பிள்ளைகள் சாப்பிட்டதாகக் கட்சியின் கணக்கு. அமெரிக்கச் சர்க்காருக்கும் பள்ளிப் பசியாறல் திட்டம் ஒன்று இருந்தது. 1966-ல் சோதனையாகத் தொடங்கியது, சொற்பப் பள்ளிகளுக்கு மட்டும். நிலம் கண்டு உலகம் ஆளும் நாட்டில் வெறும் வயிற்றோடு எழுத்துப் படிக்கப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

சரக்கு எங்கிருந்து வந்தது? நம்மைப் போன்றவர்களிடமிருந்துதான். அந்தந்த வட்டாரத்து மளிகைக் கடைக்காரர் முட்டை தருவார், ரொட்டிக் கடைக்காரர் ரொட்டி தருவார், பெரிய கம்பெனிகளிலும் சில கொடுத்தன. ஒரு கடைக்காரன் அட்டை முட்டையை எடுத்து வெளியே வைப்பதென்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத்தானே என்று கொடுப்பான். பெயர் கெடாது என்ற தைரியம் இருந்தால் மறுவாரமும் கொடுப்பான். அந்தத் தைரியத்தில்தான் இலாகா கை வைத்தது.

எஃப்.பி.ஐ. இலாகாவுக்கு அப்போது தலைவர் ஜே. எட்கர் ஹூவர். 1924 முதல் 1972-ல் சாகும் வரை 48 வருடம் ஒரே நாற்காலி. இந்தக் கோயின்டெல்புரோ வேலையை அவர் 1956-ல் கம்யூனிஸ்டுகளுக்கு விரோதமாகத் தொடங்கி, 1967-ல் கறுப்பர் இயக்கங்கள் மீதும் திருப்பினார். அஹிம்சையே பேசிய மார்டின் லூதர் கிங்கின் சங்கமும் அந்தப் பட்டியலில் இருந்தது என்றால் பாருங்கள். கருஞ்சிறுத்தைகளைப் பற்றி சான் பிரான்சிஸ்கோ கிளை ஆபீஸ் தலைமைக்கு ஒரு யோசனை எழுதியது: பசியாறலில் கை வைக்க வேண்டாம், மாதா கோவில்களும் பெரிய மனிதர்களும் அதை ஆதரிக்கிறார்கள் என்று. 1969 மே மாதம் ஹூவரின் தலைமை ஆபீஸிலிருந்து பதில் போயிற்று. உங்களுக்கு விஷயமே பிடிபடவில்லை என்று கண்டித்திருந்தது. அந்த மாதத்து உத்தரவுகளின் சாரம் இதுதான்: கட்சியிடம் இருப்பவற்றில் மிகச் செல்வாக்கான காரியம் பசியாறல்தான், ஆகவே கட்சியை ஒழிக்க நினைப்பவர்களுக்கு அதுவே மிகப் பெரிய அபாயம். சகோதரர்களே, துப்பாக்கிக்குச் சட்டம் போட்டாயிற்று. சோளக் கஞ்சிக்கு என்ன சட்டம் போடுவது? அதனால்தான் சட்டத்துக்கு வெளியே போனார்கள்.

அவர்கள் கையாண்ட ஆயுதம் என்ன தெரியுமா? மொட்டைக் கடுதாசி.

போலீஸ்காரரைப் பன்றியாக வரைந்து, பிள்ளைகள் அவரைத் தாக்குவது போன்ற படங்கள் கொண்ட வர்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று கட்சிக்குள் தயாராகியிருந்தது. பாபி சீல் அதைக் கண்டு, கூடாது, அழித்துவிடுங்கள் என்றார். ஆனால் ஒரு பிரதி இலாகாவின் கைக்குப் போய்விட்டது. இலாகா செய்தது என்ன? பசியாறலுக்குச் சரக்குக் கொடுத்து வந்த கம்பெனிகளுக்கு, அனுப்பியவர் பெயரில்லாமல், அந்தப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பியது. ‘நீர் முட்டை கொடுப்பது இதற்குத்தான்’ என்று எழுதவே வேண்டியதில்லை. கடைக்காரனே நினைத்துக் கொள்வான். சான் டியாகோ நகரத்தில் ஒரு பாதிரியார் தம் கோவிலில் பசியாறலுக்கு இடம் கொடுத்தார். இலாகா ஆட்கள் அந்தக் கோவிலின் ஜமாஅத்தார் போலப் பேசி மேல் பாதிரியாருக்கு டெலிபோன் செய்தார்கள். பாதிரியார் வேறு மாநிலத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே பசியாறல் நின்றது. கட்சியின் வாரப் பத்திரிகை ஊர் ஊராக விற்றது. அதன் விமானச் சரக்குக் கட்டணத்தை ஏற்றி நஷ்டப்படுத்த வழியுண்டா என்று கம்பெனிகளிடம் விசாரித்தார்கள். பத்திரிகைக் கட்டுகளின் மேல் துர்நாற்ற மருந்து தெளிக்கலாமா என்றுகூட ஒரு யோசனை! வீட்டுச் சொந்தக்காரனுக்குக் கடுதாசி, முதலாளிக்குக் கடுதாசி, பெண்டாட்டிக்குக் கடுதாசி. கறுப்பர் இயக்கங்கள் மீது அனுமதிக்கப்பட்ட 295 காரியங்களில் 233 கருஞ்சிறுத்தைகளைக் குறித்தவை என்று செனட் கமிட்டி எண்ணிச் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்தச் சங்கதி ஒன்றை எழுதாமல் கடந்து போக மனம் இடம் தரவில்லை. பல வருடங்களுக்கு முன் என் கடைக்கும் ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. கல்லாவில் உட்காரும் தம்பி, ஊரிலிருந்து வந்த பிள்ளை, சரக்கைப் பக்கத்துத் தெருவில் மாற்றி விற்கிறான் என்று எழுதியிருந்தது. தேதி, அரிசி மூட்டை எண்ணிக்கை எல்லாம் இருந்தது. நான் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் அவன் கண்ணைப் பார்க்காமலே கணக்குப் பார்த்தேன். கணக்குச் சரியாகவே இருந்தது. சரியாக இருப்பதே எனக்குச் சந்தேகமாகப் போயிற்று. கடைசியில் வியாபாரம் மந்தம் என்று சாக்குச் சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டேன். அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்ட ஒருவர் எழுதியது என்று பிறகு தெரிந்தது. ஊருக்குப் போனபோது அந்தத் தம்பியின் டீக்கடைக்குப் போனேன். டீ கொடுத்தான், காசு வாங்க மாட்டேன் என்றான், பழைய பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. ஒற்றைக் காகிதம் ஒரு சிறு கடையில் செய்த வேலை இது. ஒரு வல்லரசு சம்பளம் கொடுத்து ஆள் வைத்து இதை எழுதினால் என்னவாகும்?

சிகாகோவில் என்னவாயிற்று என்று பாருங்கள். அங்கே கட்சியின் தலைவர் பிரெட் ஹாம்ப்டன், 1948-ல் பிறந்த வாலிபர். பேச்சிலே கெட்டிக்காரர், போர்ட்டோ ரீக்கோ வாலிபர்களையும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களையும்கூட ஒரே அணியாகச் சேர்த்தவர். பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்ற பெரிய ரௌடிக் கூட்டத்தையும் தன் பக்கம் இழுக்கப் பேசிக் கொண்டிருந்தார். 1969 ஜனவரியில் இலாகா, அந்தக் கூட்டத்தின் தலைவன் ஜெஃப் ஃபோர்ட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி அனுப்ப அனுமதித்தது: உன்னைக் கொல்லக் கருஞ்சிறுத்தைகள் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று. ஏன் ஃபோர்ட்டுக்கு? அவன் கூட்டத்தாருக்குச் சுடுவது பழக்கம், உடனே கை நீட்டுவார்கள் என்று ஆபீஸ் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது. கொலை நடக்கலாம் என்று தெரிந்தே எழுதிய கடுதாசி. நல்ல வேளையாக ஃபோர்ட் ஹாம்ப்டனைச் சுடவில்லை. ஆனால் இரு கூட்டமும் சேரவும் இல்லை.

கடுதாசி பலிக்காத இடத்துக்கு ஆள் இருந்தான். வில்லியம் ஓ’நீல் என்பவன் கார் திருடிப் பிடிபட்டவன். வழக்கைக் காட்டி இலாகா அவனை மடக்கிக் கட்சிக்குள் அனுப்பியது. அவன் கட்சியின் காவல் பொறுப்பாளனாகவே உயர்ந்தான்! ஹாம்ப்டன் தங்கிய வீட்டின் அறைகளைக் கோடு போட்டு வரைந்து கொடுத்தான். கட்டில் இருக்கும் இடம் உட்பட. 1969 டிசம்பர் 4-ஆம் தேதி விடியுமுன் ஏறக்குறைய ஐந்து மணிக்கு, மாவட்டப் பிராசிக்யூட்டரின் கீழிருந்த 14 போலீஸார் அந்த வீட்டில் புகுந்தார்கள். ஹாம்ப்டன் படுக்கையிலேயே மாண்டார். வயது 21. பக்கத்தில் படுத்திருந்தவர் அவர் மணம் பேசியிருந்த பெண், நிறைமாத கர்ப்பிணி. முன்னறையில் காவலிருந்த மார்க் கிளார்க்கும் மாண்டார்.

உள்ளிருந்தவர்கள் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். ஒரு பத்திரிகை, கதவில் குண்டுத் துளைகள் என்று படம்கூடப் போட்டது. வேறு நிருபர்கள் போய்ப் பார்த்தபோது அவை ஆணித் தலைகள்! போலீஸார் வீட்டைப் பூட்டாமல் போயிருந்தார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே போய்ச் சுவரைத் தாங்களே பார்த்தார்கள். பிறகு மத்திய ஜூரி விசாரித்ததில், போலீஸ் தரப்பில் எண்பதுக்கும் மேலான குண்டுகள், உள்ளிருந்து அதிகபட்சம் ஒன்று என்று தெரிந்தது. ஓ’நீலுக்கு இலாகா 300 டாலர் இனாம் கொடுத்தது. அதுவும் காகிதத்தில் பதிவாகியிருந்தது. ரசீதைக் கிழிக்காத சர்க்கார் என்று என் மகள் சொன்னாள்.

ஆனால் எல்லாப் பழியையும் சர்க்கார் தலையில் போட்டால் பாடம் ஒற்றைக் கண் பார்வையாகிவிடும். உளவாளி இருக்கிறான் என்று தெரிந்த வீட்டில் எல்லார் முகமும் உளவாளி முகமாகிவிடுகிறது. 1969 மே மாதம் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில், அலெக்ஸ் ராக்லி என்ற தங்கள் கட்சிப் பையனையே, நீ உளவாளி என்று சொல்லி, கட்டி வைத்துச் சித்திரவதை செய்து, வெளியே கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கையை இலாகா பிடித்து இழுக்கவில்லை. அவர்களுடைய சொந்தக் கை. 1971-ல் நியூட்டனும், அல்ஜீரியாவில் தஞ்சம் புகுந்திருந்த எல்ட்ரிட்ஜ் கிளீவரும் பிரிந்தார்கள். இருவருக்கும் நடுவே பொய்க் கடுதாசிகளை இலாகா அனுப்பிக் கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சண்டையில் நியூயார்க்கில் கொல்லப்பட்ட சாம் நேப்பியர், பத்திரிகையை ஊர் ஊராக அனுப்பும் பொறுப்பில் இருந்தவர். கட்டுக் கட்டிச் சரக்கு ஏற்றியவர். கொன்றவர்களும் அவருடைய பழைய தோழர்களே.

கடைக்காரர்களிடமும் அவர்கள் எப்போதும் நியாயமாக நடக்கவில்லை. 1971-ல் ஓக்லாந்தில் கறுப்பின மதுக்கடை வியாபாரிகளிடம், வாரந்தோறும் இவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார்கள். வியாபாரிகள், ஒருமுறை உதவுகிறோம், வாரா வாரம் முடியாது என்றார்கள். உடனே ஒருவருடைய கடை வாசலில் மறியல், மாதக் கணக்கில். கடைசியில் 1972 ஜனவரியில் அவ்வூர் காங்கிரஸ் சபை அங்கத்தினர் நடுவில் இருந்து ராஜி செய்து வைத்தார். மது நமக்கு ஹராமான சரக்கு. என்றாலும் நியாயம் எல்லாக் கடைக்கும் ஒன்றுதானே. தானாக எடுத்து வைத்த முட்டைக்கும், மறியலுக்குப் பயந்து எடுத்து வைத்த முட்டைக்கும் பிள்ளைக்கு ருசி பேதமில்லை. கொடுத்தவனுக்கு உண்டு. நியூட்டன் முடிவும் நன்றாயில்லை. கட்சி நடத்திய பள்ளிக்கூடம் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் அதற்கென்று மாநிலச் சர்க்கார் கொடுத்த 15,000 டாலர் செக்கைச் சொந்தச் செலவுக்கு மாற்றிய வழக்கில், 1989-ல் அவர் எதிர்வாதம் செய்யாமல் தண்டனையை ஏற்றார். அவ்வருடம் ஆகஸ்டில் ஓக்லாந்துத் தெருவில் போதை மருந்து விற்பவன் ஒருவனால் சுடப்பட்டு இறந்தார். கட்சி அதற்கு முன்பே, 1982-ல், முடிந்துவிட்டது.

சட்டம் என்ன செய்தது? சிகாகோப் பிராசிக்யூட்டர் மீது நியாயத்தைத் தடுக்கச் சதி செய்ததாக வழக்கு வந்தது. 1972-ல் விடுதலையானார், ஆனால் அடுத்த மாதமே நடந்த தேர்தலில் ஜனங்கள் அவரைத் தோற்கடித்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் தாய்மாரும் போட்ட சிவில் வழக்கு வருடக் கணக்கில் நடந்தது. 1982-ல் மத்திய சர்க்கார், மாவட்டம், நகரசபை மூன்றும் சேர்ந்து 18,50,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சுட்டதற்காக யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

சர்க்காரின் பள்ளிப் பசியாறல் திட்டம் 1975-ல் நிரந்தரமாக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் சாப்பிடுகிறார்கள். கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் சர்க்கார் வெட்கப்பட்டுச் செய்தது என்பாரும் உண்டு. அத்திட்டம் முன்பே தொடங்கியது என்பாரும் உண்டு.

முகம்மது அலி தோற்ற அந்த இரவில் கதவைத் திறந்த எட்டுப் பேரை இலாகா வருடக் கணக்கில் தேடியும் பிடிக்கவில்லை. 2014-ல் அவர்களுள் சிலர் தாங்களாகவே பெயரைச் சொன்னார்கள். ஒருவர் சமயப் பாடம் சொல்லிக் கொடுத்த பேராசிரியர். அவருடைய மனைவியும் கூட இருந்திருக்கிறார். வீட்டில் சின்னஞ்சிறு பிள்ளைகள் மூன்று பேர். திருட்டுக்கு முன்பு அந்த அம்மாள் ஏதோ படிப்புக்காகப் பேட்டி காண வந்த மாணவி போல அந்த ஆபீஸுக்குள் போய், பூட்டையும் கதவையும் நோட்டம் பார்த்து வந்தாராம்.